முனிக்கு நேர்ந்த கோழிகள்

தேயிலைச் செடி வெட்டும்போது தம்பையாவின் காலில் கவ்வாத்துக் கத்தி பட்டது. காயம் புரையோடி ஏற்புவலி கண்டு, தாடை இறுகி, பதுளை ஆஸ்பத்திரியில் மூச்சு மெஷினோடு கிடந்தான். பெண்சாதி இராக்கம்மா அங்கே வராந்தாவில் இருந்தபோது, இங்கே தோட்டத்தில் வரிசை வீடுகளில் இருக்கும் எங்கள் லயம் அவனைக் காப்பாற்ற முடிவெடுத்தது. அவளுடைய ஐந்து கோழிகளையும் தேயிலை ஆலையைக் காக்கும் ரோதமுனிக்கு நேர்ந்துவிட்டோம். அவளைக் கேட்க வேண்டுமென்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. முனிக்கு ரத்தம் போதும். கறி லயத்துக்கு. பக்தியில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

மூன்றாம் நாள் அவள் வந்தாள். படுத்த உடம்பு தன் சதையையே தின்கிறது, தினம் நாலு முட்டையாவது பாலில் அடித்து மூக்குக் குழாயில் விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் ஏற்புவலி நின்றாலும் ஆள் தேறமாட்டான் என்று டாக்டர் சொன்னாராம். ஆஸ்பத்திரியில் ஒன்றுதான் கிடைத்ததாம். அவள் கோழிக் கூடைப் பக்கம் போனதும் சின்னமுத்துக் கங்காணி மறித்தார். நேர்ந்த கோழியின் முட்டையும் முனிக்குத்தான் சொந்தம் என்றார். அந்த மூன்று நாள் முட்டையை முனி கங்காணி வீட்டுச் சட்டியில்தான் சாப்பிட்டிருந்தார். வெள்ளிக்கிழமை வெட்டு என்றும் சொன்னார். எனக்கும் வாயூறியது, பொய் சொல்வானேன்.

வியாழன் விடியுமுன் கூடையும் இல்லை, கோழியும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஸமீம் நானாவின் கொல்லையில் இராக்கம்மா அவற்றை விட்டிருந்தாள். தினமும் அங்கிருந்து முட்டை வார்டுக்குப் போனது. நாங்களோ, முனி கோபத்தில் தம்பையாவைக் கொண்டுபோகப் போகிறார் என்று அவளை வாயாரத் திட்டினோம். வெறும் சோறு தின்ற ஆத்திரம்.

ஐந்து வாரம் கழித்து ஹாலிஎல பஸ்ஸிலிருந்து தம்பையா தடியூன்றி இறங்கினான். பின்னால் கூடையோடு அவள். எலும்பும் தோலுமாக இருந்தாலும் ஆள் உயிரோடு இருந்தான். பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. கங்காணிக்கு அப்படி எதுவும் இல்லை. முனி வாக்கைக் காப்பாற்றிவிட்டார், இனி நாம் காப்பாற்ற வேண்டும் என்று கத்தியோடு வந்தார்.

இராக்கம்மா கூடையை அவர் காலடியில் வைத்தாள்.

"தாராளமா வெட்டுங்க கங்காணி. ரத்தம் முனிக்கு. கறி பூரா இவருக்கு. இன்னும் ஆறு மாசத்துக்கு நல்லா சாப்பிடணும்னு டாக்டரு சொல்லியிருக்காரு."

கங்காணி எங்களைப் பார்த்தார். நாங்கள் கூடையைப் பார்த்தோம். முனி அவசரப்படுகிற சாமியில்லை என்று சொல்லிவிட்டு அவர் கத்தியை மடியில் செருகிக்கொண்டு போனார்.

ஐந்து கோழிகளும் இன்னும் முட்டையிடுகின்றன.