கயிறு விட்ட பக்கம்

மச்சினன் ரெக்சன் வரைந்து அச்சடித்த அந்தத் தடித்த புத்தகத்தில் ஒரு பேச்சும் இல்லை. முதலிலிருந்து கடைசிவரை வெறும் படம். வாயைத் திறக்காமல் கதை சொல்கிறவனை எப்படி நம்புவது என்று ஜேசுபாதத்துக்கு எரிச்சலாக வந்தது.

அதுவும் ரெக்சனை. திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போகிறவன் தன்னை மேலே இழுக்கும் இடுப்புக் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பான். முத்துக் குளித்த காலத்து வழக்கம் அது. கூடப் பிறந்தவள் தாலியறுக்க எவனும் கயிற்றை விடமாட்டான் அல்லவா? ஜேசுபாதம் கடலடியில் இருந்தபோது ரெக்சன் விட்டான். ஜேசுபாதம் கண் விழித்தது ஆஸ்பத்திரியில். வலது காது அன்றோடு செவிடு. "உம்ம மச்சினன் கயித்த விட்டுட்டான்" என்று வள்ளம் ஓட்டியவன் சொன்ன அந்த நிமிடமே உறவும் அறுந்தது.

இப்போது ரெக்சனின் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அத்தான்தான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டுமாம். அழைப்போடு இந்தப் புத்தகமும் வந்திருக்கிறது.

"படத்தக் காட்டி என்னைய மயக்கப் பாக்கான்."

"முழுசாப் படிச்சிட்டுச் சொல்லுங்க" என்றாள் அவர் மனைவி விஜிலா. அவள் ஏற்கெனவே படித்திருந்தாள்.

கன்டெய்னரைத் திறந்த சுங்க அதிகாரி மாதிரி, பொய் எங்கே இருக்கிறது என்று ஜேசுபாதம் தேடினார். வள்ளம். கயிறு பிடித்தவன். அடுத்த கட்டத்தில் வெறுங்கை, நழுவும் கயிறு. அதற்கப்புறம் பக்கம் பக்கமாகக் கறுப்பு.

"பாத்தியா? விட்டத வரஞ்சிட்டு, மிச்சத்த மை ஊத்தி மறைச்சிட்டான்."

"வெளிச்சத்துல வச்சுப் பாருங்க."

முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோனார். முதல் கறுப்புப் பக்கத்தின் உச்சியில் ஒரு வெள்ளைப் புள்ளி. அச்சுப் பிழை என்று தள்ளியிருந்தார். அடுத்த பக்கத்தில் அது கொஞ்சம் கீழே, கொஞ்சம் பெரிதாக இருந்தது. அதற்கும் அடுத்ததில் கை முளைத்தது. திரும்பப் புரட்டி, இந்தத் தடவை அவசரப்படாமல் பார்த்தார். ஒரு ஆள் தலைகீழாக இறங்கி வருகிறான். பல்லில் கத்தி. பாறையிடுக்கில் சிக்கிய கயிற்றை நோக்கி வருகிறான். கடைசிப் பக்கம் முழுக்க ரெக்சனின் முகம், கன்னம் உப்பி, கண் பிதுங்கி. பார்க்கிறவன் கடலடியில் கிடக்கிறான். கிடப்பது தான்தான் என்று ஜேசுபாதத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

"குதிச்சானா?"

"கயித்த விடாம எப்படிக் குதிக்க?"

"எங்கிட்ட யாரும் சொல்லலியே."

"எத்தனவாட்டி சொல்ல வந்தோம். அவன் பேர எடுத்தாலே செவிட்டுக் காதத்தான எங்க பக்கம் திருப்புனிய."

ஜேசுபாதத்துக்கு வெட்கமாக இருந்தது. போனுக்குக் கை நீட்டினார். விஜிலா தம்பியை அழைத்துக் கொடுத்தாள். அதை நல்ல காதில் வைத்துக்கொண்டார்.

"ஏலே ரெக்சன், ஞாயித்துக்கெழம எத்தன மணிக்குக் கோயில்ல பூச?"

ரெக்சன் மணியைச் சொன்னான். பிறகு அன்று கடலில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினான். முடிக்கும்வரை ஜேசுபாதம் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.