கதவடியில் ஒரு வெட்டு

தணிகாசலத்தின் வீட்டில் சமையலறை டைல்ஸ் கதவு நிலையைத் தாண்டிப் படுக்கையறைக்குள் வந்துவிட்டது. எல்லார் வீட்டிலும் வருவதுதான். இங்கே கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டது, அவ்வளவே.

டைல்ஸ் எட்டிய இடமெல்லாம் சமையலறையாகிவிடும். முதலில் அலமாரி போனது. சட்டை எடுக்கக் கையை விட்டால் உளுந்து வந்தது. பிறகு கட்டிலின் கால்மாடு போனது. தணிகாசலம் தூங்கி எழுந்தபோது பாதம் இரண்டும் அடுப்பாகச் சுட்டன. மனைவி பூங்காவனம் அதில் பால் வைத்துப் பார்த்தாள். பொங்கியது.

"வலிக்குதா?"

"வலிக்கல. ஆனா செருப்புப் போட முடியாது."

"இன்னும் மேல ஏறினா?"

அவன் பயத்தில் பெருமூச்சு விட்டான். அது குக்கர் விசிலாக வந்தது.

பூங்காவனம் மாடிக்குப் போய் வீட்டு ஓனரிடம் சொன்னாள்.

"டைல்ஸைப் பெயர்க்கக் கூடாதும்மா," என்றார் அவர். "போன தடவை பெயர்த்தப்போ என் பேர்ல பாதி போயிடுச்சு."

சண்முகசுந்தரமாக இருந்தவர். இப்போது சண்முக மட்டும்.

"பெயர்க்கல சார். இருக்கிற இடத்துலயே ஓரத்தை வெட்டி எடுத்துடறேன்."

"உனக்கு டைல்ஸ் வெட்டத் தெரியுமா?"

"ஜாக்கெட் வெட்டுவேன்."

அவர் யோசித்தார். "சரி. சத்தம் வந்தா, மிச்சம் இருக்கான்னு என் பேரைச் சொல்லிப் பார்த்துக்கறேன்."

தெருமுனைக் கடையிலிருந்து கட்டிங் மிஷினையும் உளி, சுத்தியலையும் வாடகைக்கு எடுத்துவந்தாள். தணிகாசலம் கட்டிலில் படுத்தபடி பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் துணி வெட்டுகிறாள். அந்த நேரமெல்லாம் அவன் ஆபீஸில் இருந்தான். அவள் எதையும் வெட்டி அவன் பார்த்ததில்லை.

கதவைச் சாத்தி, தரையில் அதன் இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு போட்டாள். கதவைத் திறந்து, இரண்டுக்கும் நடுவே மூன்றாவது கோடு இழுத்தாள்.

"ஏன் நடுவுல?"

"கதவு சாத்தினா அந்த ரூம் தரை இந்த ரூமுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா மறுபடி ஆசைப்படும்."

கண்ணாடி மாட்டினாள். மூக்கில் துண்டைக் கட்டினாள். கோட்டில் தண்ணீர் விட்டாள். மிஷின் அலறியது. எடுத்ததும் அழுத்தவில்லை. முதலில் லேசாகக் கீறினாள். பிறகு அதே தடத்தில் ஆழமாகப் போனாள். வெள்ளைச் சேறு வழிந்தது. தடம் விலகவே இல்லை.

மாடியிலிருந்து "சண்முக!" என்று குரல் வந்தது. பேர் அதற்கு மேல் குறையவில்லை.

நிலையின் மூலையில் மிஷின் நின்றது. வட்டப் பிளேடு மூலைக்குள் போகாது. ஒரு விரற்கடை மிச்சம். அதைப் பிடித்துக்கொண்டு சமையலறை மொத்தமும் உள்ளே தள்ளியது. சூடு தணிகாசலத்தின் இடுப்புக்கு ஏறியது. விசில் இரண்டு அடித்தது.

"மூணாவதுக்குள்ள முடிச்சிடு," என்றான். "அதுக்கு மேல குழைஞ்சிடுவேன்."

"அசையாதீங்க."

உளியை மூலையில் வைத்தாள். மடங்காத பொருள் எதையும் அவள் அதுவரை கையால் வெட்டியதில்லை. உளி முனையைக் கோட்டோடு சரிபார்த்தாள். அவன் நெஞ்சில் ஆவி முட்டியது. வாயைப் பொத்திக்கொண்டான். அவள் சின்னச் சின்னதாகத் தட்டினாள், பொத்தானுக்குக் காஜா எடுக்கிற மாதிரி. ஓங்கி அடித்தால் நல்ல டைலும் சேர்ந்து விரிசல் விடும்.

மூலை விட்டது.

பாதம் குளிர்ந்தது. அலமாரியில் சட்டைகள் வந்தன. தணிகாசலம் இறங்கிவந்து மண்டியிட்டு, வெட்டிய ஓரத்தை விரலால் தடவினான்.

"ஒரு நூல்கூடத் தப்பல!"

"அரை நூல் தப்பியிருக்கு. கதவு மறைச்சிடும்."

"தினமும் இப்படித்தான் வெட்டுவியா?"

"துணி இவ்வளவு சத்தம் போடாது," என்று சொல்லி அவள் தலையிலிருந்து தூசியைத் தட்டினாள்.

எதிர்வீட்டு ஜெயசீலி ஓடிவந்தாள். "அக்கா, எங்க ஹால் ரோடு வரைக்கும் போயிடுச்சு. பஸ்ஸெல்லாம் சோபா பக்கத்துல நிக்குது."

பூங்காவனம் மிஷினைத் தூக்கிக்கொண்டாள். தணிகாசலம் தண்ணீர்க் குடத்தோடு பின்னால் போனான்.

ஹாலில் பஸ் நின்றிருந்தது. பயணிகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எல்லாரும் காலைத் தூக்குங்க," என்றாள் பூங்காவனம். தூக்கினார்கள்.

"யாருங்க இந்தம்மா?" என்றார் கண்டக்டர்.

"என் வீட்டுக்காரி." தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னான்.

"சுத்தமா வெட்டுவாங்களா?"

"தள்ளி நின்னு பாருங்க," என்று சொல்லிவிட்டு, தணிகாசலம் அவள் கோட்டின் மேல் மெல்லத் தண்ணீர் விட ஆரம்பித்தான்.