இருநூற்றுப் பன்னிரண்டாம் கல்

கல் என்ற சொல்லுக்கு மற்ற வீடுகளில் என்ன பொருளோ, பல்செட்காரர் வீட்டில் அதற்கு ஒரே பொருள்தான்: அம்மோனைட். ஊருக்கு வெளியே இருந்த சுண்ணாம்புக்கல் குவாரி ஒரு காலத்தில் கடலின் அடித்தரை. அந்தக் கடலில் சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்த பிராணிகள் செத்து, சேற்றில் புதைந்து, கல்லாகி, கோடிக்கணக்கான வருடங்கள் காத்துக் கிடந்தன. எதற்கு? இந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சுத்தியலோடு வந்து தட்டி எழுப்புவார் என்றுதான். அப்படித்தான் அவர் நம்பினார்.

வாரத்தில் ஆறு நாள் ஊராரின் பொக்கை வாய்க்குப் பல் கட்டுவார். கடை அடைத்ததும், பல்லைத் தேய்க்கும் அதே டிரில்லால் கல்லைச் சுற்றி ஒட்டியிருக்கும் சுண்ணாம்பைச் சுரண்டுவார். ஒவ்வொரு கல்லிலும் ஒரு சொட்டு வெள்ளை நகப்பாலிஷ் (மனைவியின் பாட்டில்தான், வேறென்ன), அது காய்ந்ததும் அதன்மேல் கறுப்பு மையில் எண். கூடவே ஓர் அட்டை. எண், தேதி, குவாரியில் எந்தப் பாறைப் படுகை, கண்டெடுத்தவர். தன் பெயரையே எழுதி எழுதிக் கை வலித்ததால், கண்டெடுத்தவர் என்ற இடத்தில் அதை அச்சடித்தே ஐந்நூறு அட்டை வாங்கி வைத்துவிட்டார். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்ததாக நினைப்பு.

முப்பது வருடத்தில் நானூற்றுப் பதினொரு கல் சேர்ந்தது. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவரும் விடுகிற ஆள் இல்லை. போன மாதம் அருங்காட்சியகத்தில் இருந்து கடிதம் வந்தபோது சிரிப்பு நின்றது. புதைபடிவங்களை ஆராயும் அம்மாள் ஒருவர் எழுதியிருந்தார். "நீங்கள் அனுப்பிய படங்களில் 212ஆம் எண்ணைப் போல் ஒன்றை நான் எங்கும் பார்த்ததில்லை. அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை நேரில் வருகிறேன். புது இனம்தான் என்றால், கண்டெடுத்தவரின் பெயரையே அதற்கு வைக்கலாம்."

அதைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினார். வாயில் பல் அளவெடுக்கும் அச்சு மாவு இருந்ததால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் இருந்தவரை, விலாவுக்குக் கீழே வலி வந்து சுருட்டிப் போட்டது. சிறுநீரகத்தில் மூன்று கல். பெரிய இரண்டையும் எடுத்துவிடலாம், சின்னது அதுபாட்டுக்கு இருக்கட்டும் என்றார் டாக்டர். பல்செட்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாக் கல்லையும் எடுத்துடச் சொல்லு. ஒண்ணுகூட மிச்சம் வைக்க வேணாம். எனக்கு நிம்மதி வேணும்."

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"ஆமா, சொல்லிடு."

அவள் சொன்னாள்.

புதன்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர், செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் நேரே பின்னறைக்குப் போனார். கதவைத் திறந்தார். அலமாரிகள் இருந்தன. தட்டுகள் இருந்தன. தட்டுகளில் தூசியும், கல் இருந்த இடத்தில் தூசி படாத வட்டங்களும் இருந்தன. அட்டைகள்கூட ரப்பர் போட்டு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒரு கல் இல்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்தார். தையல் போட்ட இடம் சுரீரென்றது. அது கூட யாருக்கோ வலிப்பது போல இருந்தது.

மைத்துனன் உள்ளே வந்தான். கொத்தனார். பக்கத்து மனையில் தனக்கென்று வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். தங்கமான பிள்ளை, ஆனால் சொன்னதைச் செய்வான், சொல்லாததை யோசிக்க மாட்டான்.

"எந்திரிங்க மாமா, தரை ஜில்லுன்னு இருக்கும்."

"கல்லு எங்கடா?"

"நீங்கதானே எல்லாத்தையும் எடுத்துடச் சொன்னீங்களாம்? தள்ளுவண்டியில ஆறு நடை ஆச்சு. என் வீட்டுக் கூடத்துக்கு அடித்தரையில போட ஜல்லி பத்தலைன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன். சரியா வந்துச்சு. நேத்துதான் மேல காங்கிரீட் போட்டேன்."

குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்த கதையாக, அவன் அதை நன்றியோடு வேறு சொன்னான். பல்செட்காரர் கத்தினார்.

"பாவி, என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டியே!"

"தலையில இல்ல மாமா, தரையில."

"அது வயித்துல இருந்த கல்லைச் சொன்னதுடா! ஆஸ்பத்திரியில கிடக்கிறவன் வேற எந்தக் கல்லைச் சொல்லுவான்?"

கொத்தனாரின் முகம் வெளுத்துவிட்டது. இருந்தாலும் தலையை ஆட்டினான்.

"நான் கேட்டேனே மாமா. வயித்துக் கல்லா, வீட்டுக் கல்லான்னு வாயைத் திறந்து கேட்டேன். அக்காதான் சொன்னாங்க, வீட்டுக் கல்லுதான்னு."

பல்செட்காரர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். மருந்துப் பை இன்னும் கையிலேயே இருந்தது. மறுப்பாள் என்று காத்திருந்தார். தம்பி தப்பாகக் கேட்டுக்கொண்டான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிடுவார்.

"ஆமா. சொன்னேன்," என்றாள் அவள்.

பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் துணி அலமாரியைத் திறந்தாள். அடித்தட்டில் இருந்து, துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்து மேசையில் வைத்துப் பிரித்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு. முள் முள்ளாய் விளிம்பு, உள்ளங்கை அகலம், ஒரு கீறல் இல்லை. எண் மட்டும் இல்லை. நகப்பாலிஷை வழித்துத் துடைத்திருந்தாள்.

அவர் பாய்ந்து கையை நீட்டினார். அவள் அதன்மேல் கையை வைத்து மூடினாள்.

"இது எப்படிக் கிடைச்சதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"குவாரியில. மூணாவது படுகை. பத்தொன்பது வருஷம் முன்ன, மழை விட்ட மறுநாள்..."

"நான் ஒரே ஒரு நாள் உங்ககூட வந்தேன். கால்ல முள்ளு ஏறிடுச்சுன்னு ஒரு கல்லு மேல உட்கார்ந்தேன். முள்ளை எடுக்கும்போது கை பட்டுச்சு, இங்க பாருங்க ஏதோ சுருளா இருக்குன்னு காட்டினேன். எந்திரி எந்திரின்னு கத்தினீங்க. நான் எந்திரிச்சேன். நீங்க கல்லைப் பார்த்தீங்க. முள்ளு உள்ளேயே ஒடிஞ்சு, ரெண்டு வாரம் நொண்டினேன்."

அவருக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றாக அல்ல, மொத்தமாக வந்தது. ஈரச் சுண்ணாம்பு, அவள் ஒற்றைச் செருப்போடு தள்ளி நின்றது, வீட்டுக்கு வந்து அச்சடித்த அட்டையை உருவி எண்ணை எழுதியது. அவர் திருடவில்லை. திருடனுக்காவது யாருடைய பொருள் என்று தெரிந்திருக்கும். வெட்கத்தில் அவர் காது இரண்டும் எரிந்தன.

"அதுக்காக மிச்சம் நானூத்திப் பத்தையுமா..."

"அதுலயெல்லாம் உங்க பேருதான் இருந்துச்சு. உங்க கல்லு. நீங்கதான் எடுத்துடச் சொன்னீங்க."

கொத்தனார் சத்தமில்லாமல் வெளியே நழுவினான்.

"வெள்ளிக்கிழமை அந்தம்மா வரட்டும். யாரு எடுத்ததுன்னு கேட்டா நான் சொல்லிக்கிறேன். எந்தப் படுகைன்னு கேட்டா மட்டும் நீங்க சொல்லுங்க."

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றார் அவர். "சொல்லியிருந்தா மாத்தி எழுதியிருக்க மாட்டேனா?"

"சொன்னேங்க. கடிதம் வந்த அன்னிக்கே சொன்னேன். அது நான் எடுத்த கல்லு இல்லையான்னு பக்கத்துல நின்னு கேட்டேன். நீங்க நிமிர்ந்துகூடப் பார்க்கல. பூதக்கண்ணாடியை எடுத்துட்டு வான்னீங்க."

கல்லை மறுபடி துண்டில் சுற்றினாள்.

"எடுத்துட்டு வந்து குடுத்தேன்."