வெள்ளிக்கிழமைக் கணவர்

பதினான்கு வருஷம் நான் அவருக்கு மனைவியாக இருந்தேன், வெள்ளிக்கிழமைகளில் மட்டும். மற்ற நாட்களில் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய நிஜ மனைவி என்னைவிட நாலு வயது மூத்தவர், எனக்கு அண்ணி. ஃபோன் செய்தால், "என்னடி வெள்ளிக்கிழமைக்காரி, உன் புருஷன் அங்க இருக்காரா?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்.

எங்கள் நகைச்சுவைத் தொடரைப் பார்த்தவர்களுக்கு அவரை ஓனர் என்றால்தான் தெரியும். நாலு குடித்தனம் உள்ள மாடி வீட்டின் சொந்தக்காரர் வேஷம். வாடகை கேட்க விறைப்பாகப் போய், கேட்க வாய் வராமல், அந்த வீட்டுக் குழாயை ரிப்பேர் செய்து கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிற மனிதர். அவரை வாசலில் நிற்க வைத்து விசாரிக்கிற ஓனரம்மா நான். வெள்ளிக்கிழமை மாலை நூற்றிருபது பேர் எதிரே உட்கார்ந்து பார்க்க, மூன்று கேமராவில் எடுப்பார்கள். டிவியில் கேட்ட சிரிப்பு அந்த நூற்றிருபது பேருடையது. வராத சிரிப்பை யாரும் பின்னால் ஒட்டவில்லை.

நடிக்க வந்தபோது அவருக்கு முப்பத்தொன்பது வயது. அதுவரை பஸ் டெப்போவில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதுகிற வேலை. டெப்போ ஊழியர்கள் போட்ட நாடகம் ஒன்றில் மாமனாராக வந்தார். டிரைவராக இருந்த தன் மைத்துனரைப் பார்க்கப் போன எங்கள் தயாரிப்பாளர், பின்வரிசையில் நின்றபடி அதைப் பார்த்திருக்கிறார். மறுவாரம் ஓனர் எங்கள் செட்டில் இருந்தார்.

முதல் ரெக்கார்டிங் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குடித்தனக்காரர் கதவைத் திறக்கிறார். உள்ளே முழங்கால் வரை தண்ணீர். "நான் அப்புறமா வரேன்" என்று ஓனர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வசனம். அவர் சொல்லவில்லை. தண்ணீரைப் பார்த்தார். மேல்கூரையைப் பார்த்தார். கையில் இருந்த வாடகை ரசீதைப் பார்த்தார். வசனம் மறந்துவிட்டது என்று நினைத்தேன். பின்னால் நின்று மெதுவாக எடுத்துக்கொடுக்கலாமா என்று யோசிக்கும்போதே மூன்றாம் வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். பக்கத்தில் இன்னொருவர். பிறகு கூடமே குலுங்கியது. அது அடங்கப் போகிற நொடியில், பாவம் போல, "நான் அப்புறமா வரேன்" என்றார். மறுபடி முதலிலிருந்து சிரித்தார்கள்.

மேக்கப் அறையில் கேட்டேன். "டயலாக் மறந்துட்டீங்களா அண்ணா?"

"இல்லம்மா. பஸ் இன்னும் வரலை. வந்து நின்னாதானே ஏற முடியும்?"

எத்தனையோ பெரிய நடிகர்களோடு நடித்திருக்கிறேன். வாயைத் திறக்காமல் ஒரு கூடத்தையே கையில் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

அந்த நாட்களில் அவர் இருந்தது ஒற்றைப் படுக்கையறை வாடகை வீடு. தொடர் ஊரெல்லாம் பிரபலமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை, அவருடைய நிஜ ஹவுஸ் ஓனர் வாடகையை ஏற்றினார். ஏன் என்று கேட்டதற்கு, "டிவியில நீங்க ரொம்ப இளிச்சவாயா இருக்கீங்க சார். அதைப் பார்த்துத்தான் நான் உஷாரானேன்" என்றாராம். இதை எங்களிடம் நடித்துக் காட்டியபோது, அந்த ஓனரைத்தான் அவர் ரசித்துச் செய்தார்.

கஞ்சன் என்ற பெயர் அவருக்கு உண்டு. வீட்டிலிருந்து சாப்பாட்டு டப்பா கொண்டுவருவார். பஸ்ஸில்தான் வருவார். புகழ்ச்சியிலும் கஞ்சன்தான். பதினான்கு வருஷத்தில் ஒரு தடவை, "இன்னிக்கு நீ பரவாயில்லம்மா" என்றார். அன்று ராத்திரி, மற்ற நாளெல்லாம் எப்படி இருந்தேன் என்று யோசித்தே என் தூக்கம் போனது. இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒப்பந்தம் என்று ஒரு காகிதத்தை நீட்டினால், நாங்கள் பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம். அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உதடு அசையப் படிப்பார். மானேஜர் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

நாலாம் வருஷம் இடி விழுந்தது. விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்த சோப்பு கம்பெனி விலகிவிட்டது. தயாரிப்பாளர் நடிகர்கள் ஏழு பேரையும் கூப்பிட்டு, பாதிச் சம்பளம், இல்லையென்றால் தொடரை நிறுத்திவிடுவேன் என்றார். நியாயமான மனிதர்தான்; அவர் முகமே வெளுத்திருந்தது. வாட்ச்மேன் வேஷம் போடுகிறவர், மூன்றே வசனம் உள்ளவர், அங்கேயே கண் கலங்கினார். ஓனர் ஒரு நாள் டைம் கேட்டார்.

மறுநாள் காலை நோட்டிலிருந்து கிழித்த ஒரு முழுத்தாளோடு வந்தார். அவருடைய டெப்போ கையெழுத்து, குண்டு குண்டாக.

"பாதிச் சம்பளம் சரி சார். ஆனா இந்த எபிசோடுங்க மறுபடி எங்க ஓடினாலும், எப்படி ஓடினாலும், வர்ற பணத்துல நூத்துக்குப் பன்னெண்டு எங்க ஏழு பேருக்கு. சமமா."

தயாரிப்பாளர் சிரித்துவிட்டார். "பழைய எபிசோடை எவன்யா பார்ப்பான்?"

"யாரும் பார்க்கலைன்னா உங்களுக்குச் செலவே இல்லையே சார்."

கையெழுத்தாயிற்று. எனக்குக் கோபமான கோபம். என் பையனுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற மாதம். நான் பாதிச் சம்பளத்தோடு காற்றில் எழுதின கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? அதோடு அந்த 'சமமா' வேறு எனக்கு உறுத்தியது. அவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "உங்களுக்கு நாப்பது பக்கம் வசனம். வாட்ச்மேனுக்கு மூணு வரி. அவருக்கும் உங்களுக்கும் ஒரே பங்கா அண்ணா?"

"அவன் கேட்டைத் திறந்தாத்தானேம்மா நான் உள்ள வர முடியும்?"

முதல் வருஷம் மறு ஒளிபரப்புக்கு என்று வந்த காசோலையில் ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன். முதல் மழைக்கே வாயைப் பிளந்தது. அதை அவர் மேக்கப் நாற்காலிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தேன். அவர் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தையல் சரியில்லை" என்றார்.

ஆனால் தொடர் பிழைத்தது. அடுத்த வருஷம் ஒரு எண்ணெய் கம்பெனி வந்தது, சம்பளம் பழையபடி ஆனது, பிறகு ஏறியது. குழாய் கம்பெனி ஒன்று அவரை விளம்பரத்தில் போட்டு, பதினோரு வருஷம் வேறு யாரையும் தேடவில்லை. அந்தப் பணத்தில் சொந்த வீடு வாங்கினார். டெப்போ தெருவில் மூன்று கடைகள் வாங்கி வாடகைக்கு விட்டார். அந்தக் கடைக்காரர்கள் வாடகை கொடுக்க வரும்போது நாற்காலி போட்டு உட்கார வைத்து, குழாய் ஒழுகுகிறதா என்று கேட்பாராம். சைக்கிள் கடைக்காரர் ஒருவர் அதற்காகவே ஒழுகுகிறது என்று பொய் சொல்லுவார் என்று அண்ணி சொல்லிச் சிரிப்பார்.

தொடர் முடிந்து பதினெட்டு வருஷம் ஓடியது. நாங்கள் வேறு வேறு தொடர்களில் அம்மாவாக, தாத்தாவாக, நீதிபதியாகத் தலைகாட்டினோம். வாட்ச்மேன் காலமானார். பிறகு திடீரென்று எங்கிருந்தோ புது ரசிகர்கள் முளைத்தார்கள். அவருடைய மௌனங்களை மட்டும் துண்டு துண்டாக வெட்டி ஃபோனில் ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். மாதச் சம்பளம் வரும் நாளில் வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கிற ஆளின் முகம் என்று போட்டு, தண்ணீரைப் பார்க்கிற ஓனர். என் மருமகளுக்கு அது அவள் மேலதிகாரியிடமிருந்தே வந்தது.

ஏதோ ஒரு இணையப் பக்கம் அவருடைய சொத்து மதிப்பு என்று வாய்க்கு வந்த ஒரு கோடிக் கணக்கைப் போட்டது. ஐந்து பங்களா, மூன்று வெளிநாட்டுக் கார். அண்ணி எனக்கு ஃபோன் செய்தார். "அஞ்சு பங்களாவாம்டி. நான் ஒண்ணைத்தான் தினம் பெருக்கிட்டிருக்கேன். மீதி நாலை எவ பெருக்குறான்னு உன் புருஷன்கிட்ட கேட்டுச் சொல்லு."

அந்தச் சிரிப்பு அடங்கவில்லை, நிஜமாகவே பெரிய பணம் கதவைத் தட்டியது. இணையத்தில் படம் காட்டும் கம்பெனி ஒன்று பழைய பகுதிகள் அறுநூறையும் வாங்க வந்தது. கூடவே பதினாறு புதுப் பகுதிகள், அதே ஓனர், அதே ஓனரம்மா. பழைய தயாரிப்பாளர் உயிரோடு இல்லை. அவர் மகன் பொறுப்பில் இருந்தார். எங்கள் இருவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். கண்ணாடி மேஜை, குளிரக் குளிர ஏசி. கம்பெனியின் சார்பில் வந்த ஒரு பெண் அதிகாரி லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"அங்கிள், அந்தப் பழைய பேப்பர் டிவிக்குத்தான். இது இன்டர்நெட். அதுல வராது" என்றார் மகன். ஒரு சிறு சீட்டில் ஒரு தொகையை எழுதி ஓனர் பக்கம் நகர்த்தினார். "இது உங்களுக்கு மட்டும். நீங்க இல்லாம தொடரே இல்லை." எனக்கும் ஒரு சீட்டு வந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் மனசு சபலப்பட்டது. என் பையனின் வீட்டுக் கடன், என் கண் ஆபரேஷன் எல்லாம் அந்தச் சீட்டில் அடங்கிவிடும். அவர் சீட்டில் அதைப்போல ஐந்து மடங்கு இருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். தயாரிப்பாளர் மகனை வாஞ்சையோடு பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. பதினான்கு வருஷப் பழக்கம். அவர் நிறுத்தும் இடத்தில் குறுக்கே பேசக்கூடாது. கைகளை மடியில் கோத்துக்கொண்டேன்.

"சரி, இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கலாம் அங்கிள்" என்றார் மகன்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இருபது பர்சன்ட் கூட." கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா இருந்திருந்தா..." என்று தானாகவே ஆரம்பித்து, மேலே போகத் தெரியாமல் நிறுத்திக்கொண்டார்.

ஓரத்தில் இருந்த அதிகாரி லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தார். "என்ன பேப்பர்? எங்களுக்குக் காட்டவே இல்லையே. அதுல என்ன எழுதியிருக்கு?"

ஓனர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "எங்க ஓடினாலும், எப்படி ஓடினாலும். நானே கைப்பட எழுதினதும்மா." சட்டைப் பையிலிருந்து நகலை எடுத்து அதிகாரியின் பக்கம் வைத்தார். பிறகு மகனிடம் திரும்பி, "உங்க அப்பா சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டார் தம்பி. நீயும் சிரிச்சுக்கிட்டே போடு. ஏழு பங்கு. வாட்ச்மேன் பங்கு அவன் சம்சாரத்துக்கு. அதுக்கப்புறம் நான் வந்து புதுசா நடிச்சுத் தரேன்" என்றார். சீட்டை வந்த வழியே திருப்பித் தள்ளினார். நானும் என்னுடையதைத் தள்ளினேன், கொஞ்சம் மெதுவாக.

அன்றே முடிந்துவிடவில்லை. மூன்று மாதம் வக்கீல் கடிதங்கள் போயின, வந்தன. வக்கீல் செலவு முழுக்க அவருடையது. எங்களில் யாரிடமும் ஒரு காசு வாங்கவில்லை. கடைசியில் கம்பெனிக்காரர்களே, இது தீராமல் வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட, மகன் கையெழுத்துப் போட்டார். சிரித்துக்கொண்டு போட்டாரா என்று தெரியாது.

கையெழுத்தான அன்று டாக்ஸியில் வரும்போது நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழில் ஒரு பங்கு என்பது அவருக்கு அந்தச் சீட்டில் கால் பாகம்கூட இல்லை.

"வருத்தமா இல்லையா அண்ணா?"

"இருக்கு, ஏன் இல்லாம? நல்ல நம்பர்ம்மா அது. பார்க்கவே வட்டவட்டமா அழகா இருந்தது." கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்: "அதை வாங்கியிருந்தா, உங்க ஆறு வீட்டு ஆளுங்களையும் பார்க்கிறப்பல்லாம் நான் தெரு மாறிப் போகணும். என் முட்டிவலிக்கு அவ்வளவு நடக்க முடியாது."

வாட்ச்மேனின் மனைவி வீட்டில் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தவர். பணம் வந்ததும் கடைத்தெருவில் இடம் பிடித்து நாலு மெஷின் போட்டார். புதுப் பகுதிகளுக்கு ஓனரம்மாவின் ரவிக்கைகள் அங்கேதான் தைக்கக் கொடுத்தோம். அளவு எடுக்கும்போது, "உங்க அண்ணா வீட்டுக்கு வந்து பணம்னு சொன்னப்ப நான் நம்பலை. வேற யாரோ வீட்டுக்குப் போக வேண்டியவர் இங்க வந்துட்டார்னு நினைச்சு, பக்கத்து வீட்டைக் காட்டினேன்" என்றார்.

புதுத் தொடரின் முதல் ரெக்கார்டிங்குக்கு அவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார், எழுபத்தியோரு வயதில், முழங்கால் பட்டையோடு. வசனம் எழுதிய பெண்ணோடு ஒரே ஒரு வார்த்தைக்காக இருபது நிமிஷம் மல்லுக்கட்டினார். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில், "நீ சொல்றதுதான் சரி" என்று ஒப்புக்கொண்டார். எனக்குக் கிடைக்காத பாராட்டு அவளுக்கு அரை நாளில் கிடைத்தது.

அண்ணி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் ரெக்கார்டிங் பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை.

ஓனர் மாடிப்படியில் தலைகாட்டியதும் கூடம் எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டல் ஓயவே இல்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவருக்கோ எரிச்சல். கேமராவை நிறுத்தச் சொல்லிவிட்டு முன்னால் வந்தார்.

"கைதட்டறதெல்லாம் வீட்டுக்குப் போய்த் தட்டுங்க. நான் இப்ப வாடகை கேட்க வந்திருக்கேன்."

எல்லோரும் சிரித்து ஓய்ந்து உட்கார்ந்த பிறகு, ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மறுபடி மேலே போனார். நான் என் இடத்துக்குப் போய், புடவையைச் சரிசெய்துகொண்டு, அவர் இறங்கி வருவதற்காக நின்றேன்.