உப்புத் தண்ணி

தேய்க்காதே. தேய்த்தால் போச்சு. கையை மடியில் வை. இன்னும் ஒரே ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாமா? வேண்டாம், ஐந்து தடவை பார்த்தாயிற்று.

மேகலா கையை மடியில் வைத்துக்கொண்டாள். வலது கண்ணில் காண்டாக்ட் லென்ஸ் ஒட்டிக்கொண்டு முக்கால் மணி நேரமாகிறது. போட்ட உடனேயே எரிந்தது; இடது கண்ணுக்கானதை டப்பாவிலேயே விட்டுவிட்டாள். எடுக்கப் போனால் அசைய மறுக்கிறது. நாலு மணிக்கு ராணிப்பேட்டையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். இப்போது இரண்டரை.

"இன்னாடி, இன்னும் வர்லியா?" அம்மா முத்துமாரி முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து ஊதியபடி வந்தாள். "கண்ணத் தொற. சூடா ஒத்தி எடுத்தா வந்துரும்."

"அது தூசு இல்லம்மா. கிட்ட வராத."

"ஊர்ல பொண்ணுங்க எல்லாம் போட்டுக்கினு சுத்துதுங்க. உனக்கு மட்டும்தான் பேஜாரு."

'பொண்ணு கண்ணாடி போடாது' என்று அம்மா தரகரிடம் போனில் சொன்னபோது மேகலா பக்கத்தில்தான் இருந்தாள். கண்ணாடி போடுகிறவள்தான் என்று திருத்தாமல் விட்டாள். இந்த எரிச்சலைவிட அதுதான் அதிகம் எரிந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிக்கிற மேசையில் ஆறு வருடமாக நிற்கிறாள். உண்ணி கடித்த தழும்போ முள் கீறலோ கண்ணில் பட்டால் வெள்ளிப் பேனாவால் வட்டம் போட்டுவிடுவாள். சூப்பர்வைசர் வந்து வாதாடினாலும் அழிக்க மாட்டாள். அந்தப் பிடிவாதம் வீட்டு வாசலில் மட்டும் எப்படிக் கழன்று விழுகிறது?

மேகலா போன் செய்ததும் பக்கத்து வீட்டு ஜெனிஃபா ஈரத் தலையோடு ஓடி வந்தாள். வேலூரில் கண் வார்டு நர்ஸ். சோப்பு போட்டுக் கை கழுவி, மேகலாவையும் கழுவச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"கருவிழி மேலதான் இருக்கு. காஞ்சு ஒட்டிக்கிச்சு. நீ புடிச்சு இழுத்தியா?"

"அஞ்சு தடவை."

"நல்ல வேளை, வர்ல."

பிரிக்காத சொட்டு மருந்து ஒன்று கொண்டுவந்திருந்தாள். இரண்டு சொட்டு விட்டு, கண்ணை மூடிக் காத்திருந்து, சிமிட்டச் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி விட்டாள். மூன்றாவது முறைதான் லென்ஸ் லேசாக நகர்ந்தது.

"இப்ப மேல பாரு. அதக் கீழ வெள்ளைக்குத் தள்ளு. ரெண்டு விரல் நுனியில மெதுவா கிள்ளு. நகம் படக் கூடாது."

வந்துவிட்டது. எரிச்சல் மட்டும் போகவில்லை.

"எதுல ஊற வெச்சிருந்த?" என்றாள் ஜெனிஃபா.

மேகலாவுக்குப் புரியவில்லை. அம்மாதான் பதில் சொன்னாள்.

"மருந்துத் தண்ணி காலியாய்டுச்சுமா. சலைன்னா உப்புத் தண்ணின்னு மெடிக்கல்காரரு சொன்னாரு. நம்ம போர்ல வர்றதும் உப்புத் தண்ணிதானே? அதான் நேத்து டப்பாவுல ஊத்தி வெச்சேன்."

"ஆன்ட்டி, அந்தத் தண்ணில பருப்பே வேகாது!"

மேகலாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே கண் வலித்து நின்றுபோயிற்று.

ஜெனிஃபா சிரிக்கவில்லை. "போர்த் தண்ணில கிருமி இருக்கும். கண்ணு செவந்திருக்கு, வலியும் இருக்கு. இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டணும். அந்த லென்ஸயும் டப்பாவோட எடுத்துக்க. அவங்க சொல்ற வரைக்கும் கண்ணுல எதுவும் மாட்டாத. வண்டி எடுத்துட்டு வர்றேன்."

அவள் படி இறங்கியதும் அம்மா பீரோவைத் திறந்தாள். இன்னொரு ஜோடி லென்ஸ், பிரிக்காத பெட்டி.

"இது போர்த் தண்ணி படாததுடி. ஒரு மணி நேரம் போட்டுக்க. அவங்க காப்பி குடிச்சுட்டுப் போனதும் கழட்டிடு. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கினு போறேன்." குரல் தாழ்ந்தது. "நான் சொல்லிட்டேன்டி அவங்ககிட்ட. என் மானத்தக் காப்பாத்து."

மேகலாவுக்கு அம்மாவின் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. போர்த் தண்ணீரை ஊற்றியது தெரியாமல் செய்தது, கோபப்பட்டுவிட்டு மறந்துவிடலாம். ஜெனிஃபா சொன்னதை அம்மா இதே இடத்தில் நின்று கேட்டாள். கேட்ட பிறகும் நீட்டுகிறாள். இதை எப்படி மறப்பது?

பெட்டியை வாங்கி, பிரிக்காமலே பீரோவுக்குள் வைத்தாள்.

"போட மாட்டேம்மா. அவங்க வந்தா, கண் டாக்டர்கிட்ட போயிருக்கான்னு சொல்லு."