கடைசி சிடி

ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் ஒரே ஒரு காலி சிடிதான் மிச்சம் இருந்தது. கடைகள் எல்லாம் அடைப்பு. அறிவிப்பாளர் வேலைத் தேர்வுக்காக, மாலை ஐந்து மணிக்குள் அண்ணி தன் குரலைப் பதிந்த சிடியை வானொலி நிலையத்தில் கொடுத்தாக வேண்டும். சாதாரண பிளேயரில் ஒழுங்காக ஓடாத சிடியைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று அறிவிப்பில் கறாராகப் போட்டிருந்தார்கள். வயது வரம்புப்படி அண்ணிக்கு இதுதான் கடைசி வருடம். ஆறு வருடங்களாக அவர் ஒரு பெரிய கடையில் மைக் முன்னால் உட்கார்ந்து, வழியை மறித்து நிற்கும் கார்களின் நம்பரை வாசித்துக்கொண்டிருக்கிறார்.

வாங்கியது ஐந்து சிடி. நான்கைக் கெடுத்த பெருமையில் வீட்டில் எல்லோருக்கும் பங்கு உண்டு. முதல் சிடியில் நான் எம்பி3 கோப்புகளை அப்படியே ஏற்றிவிட்டேன். கம்ப்யூட்டரில் பேசியது, சமையலறை பிளேயரில் வாயே திறக்கவில்லை. அடுத்ததை, சீக்கிரம் முடியட்டும் என்று அண்ணன் உச்ச வேகத்தில் பதிவு செய்தான். அது வரிக்கு வரி விக்கியது. மூன்றாவது ஏறிக்கொண்டிருக்கும்போதே அவன் ஒரு படத்தை காப்பி செய்யப்போக, பாதியில் 'பிழை' என்று நின்றுவிட்டது. நான்காவது காலி சிடிதான். அதுவும் கெட்டுப்போனது என்று நினைத்து அம்மா அதன்மேல் சூடான பால் பாத்திரத்தை வைத்துவிட்டாள்.

எனவே ஐந்தாவதற்கு எல்லோரையும் அறைக்கு வெளியே அனுப்பினேன். இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினேன். வைரஸ் தேடும் நிரலையும் ஸ்கிரீன் சேவரையும் நிறுத்தினேன். 'ஆடியோ சிடி' என்பதைத் தேர்ந்தெடுத்து, வேகத்தை ஆகக் குறைவாக வைத்தேன். சிடியின் ஓரத்தை மட்டும் பிடித்து உள்ளே தள்ளினேன். மிக்ஸியைப் போடாதே என்று அம்மாவிடம் சொன்னதற்கு, மூச்சாவது விடலாமா என்று கேட்டாள். திரையில் பச்சைப் பட்டை எறும்பு மாதிரி ஊர்ந்து, ஒருவழியாக மறு ஓரத்தைத் தொட்டது. சமையலறை பிளேயரில் போட்டோம். செய்தி, விளம்பரம், கதை என்று மூன்றும் விக்கல் இல்லாமல் ஓடின. அண்ணி முகம் கழுவிக் கிளம்பப் போனார்.

அண்ணனுக்கு லேபிள் அச்சகத்தில் வேலை. எங்கள் வீட்டு உப்பு டப்பாவிலிருந்து குடை வரைக்கும் பெயர் ஒட்டியிருக்கும். நான் பிளேயரை மூடிவிட்டுத் திரும்புவதற்குள், அண்ணியின் பெயரைத் தங்க எழுத்தில் அடித்த பிறைவடிவ லேபிள் ஒன்றை சிடியின் மேல்பக்கம் ஒட்டி, விரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்கு மனசு கேட்காமல் மறுபடி போட்டுப் பார்த்தேன். பிளேயர் கடகடவென்று ஆடியது. கதையின் நடுவில் அண்ணியின் குரல் ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டது.

மணி மூன்றரை. அண்ணன் லேபிளின் ஓரத்தில் நகத்தை வைத்தான். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உரிக்காதண்ணா. வெள்ளிப் பூச்சும் சேர்ந்து வந்துரும்."

அண்ணி தலை வாரிக்கொண்டே வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கார் நம்பர் வாசிக்கும் அதே குரலில் சொன்னார்: "ஆறு வருஷம் கத்தியாச்சு. இன்னும் ஆறு வருஷம் கத்தினா ஒண்ணும் தொண்டை தேய்ஞ்சிடாது."

திட்டியிருந்தால் அண்ணன் தாங்கியிருப்பான். சிடியை ஒரு பென்சிலில் மாட்டிச் சுழற்றிவிட்டு உற்றுப் பார்த்தான். எப்படிச் சுழற்றினாலும் லேபிள் பக்கம் கீழே வந்துதான் நின்றது.

"ஒரு பக்கம் கனம்," என்றான்.

கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று எதையும் இரண்டாக அடிப்பது அச்சகப் பழக்கம். சட்டைப்பையிலிருந்து இன்னொரு லேபிளை எடுத்து, முதலாவதற்கு நேர் எதிரே, அளவுகோல் வைத்து ஒட்டினான். பென்சிலில் இப்போது சிடி நினைத்த இடத்தில் எல்லாம் நின்றது. பிளேயரில் போட்டபோது கதை கடைசிவரை ஓடியது. அண்ணி பைக்கை எடுக்கச் சொன்னார்.

நாலரைக்கு நிலையத்தில் இருந்தோம். மூவர் ஒரு பைக்கில் வந்த கோலத்தைப் பார்த்தபடியே ஜன்னலில் இருந்த பெண்மணி சிடியை வாங்கி மெஷினில் போட்டார். பன்னிரண்டு நிமிடம். அண்ணி என் மணிக்கட்டை விடவே இல்லை. கதை முடிந்ததும் அந்தப் பெண்மணி சிடியை வெளியே எடுத்து, நேராக ஒரு தரம், தலைகீழாக ஒரு தரம் பெயரைப் படித்தார்.

"எதுக்கும்மா ரெண்டு தடவை பேரு?"

"ஒரு தடவை போட்டா விக்குதுங்க," என்றார் அண்ணி.

அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. பதிவேட்டில் அண்ணியின் பெயருக்கு நேரே 'ஓடுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.