ஹொலிச்செடியை வெருட்டிய ஞாயிறு

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கழுவிய கோப்பைகளையே திரும்பவும் கழுவினேன். செவ்வாய்க்கிழமை கிளினிக். இந்த முறையாவது வருவீர்களா என்று என் கணவர் தனோஜனிடம் கேட்க வாய்வரை வரும். அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிடும். பிள்ளை இல்லையென்று என்னைச் சோதித்து முடித்து, உங்களிடம் குறையில்லை, இனி அவரைக் கூட்டி வாருங்கள் என்று டொக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகப்போகிறது. முதல் தடவை இவர் ஓவர்டைம் என்றார். அடுத்த தடவை முருகன் கோயில் கொடியேற்றம் என்றார். முருகன் தலையிலேயே பழியைப் போடுகிற மனிதரிடம் என்னத்தைக் கேட்பது?

அவருடைய தமக்கை யோகராணி மச்சாள் பக்கத்து ஊரான கர்க்லாண்டிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். என் மேல் உயிர். அதனால்தான் வரும்போதெல்லாம் எனக்கென்று ஒரு விரதமோ கசாயமோ சொல்லிவிட்டுப் போவார். குறை என்னிடம் என்றுதான் நினைத்திருந்தார். தனோஜனும் இல்லையென்று சொன்னதில்லை. நான் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

சாப்பிட்டபின் மச்சாள் வீட்டின் பின்வளவுக்குப் போய் ஹொலிச்செடியடியில் நின்றார். வீடு வாங்கிய வருடம் நான் நட்டது. கார்த்திகையில் சாக்குச் சுற்றி, சித்திரையில் அவிழ்த்து, குளிர்காற்றில் கருகிய இலைகளைக் கிள்ளி, அதைப் பிழைக்கவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போது இடுப்பளவு. முள் இலை பளபளக்கும், வெள்ளைப் பூவும் வரும். கிறிஸ்மஸ் அட்டையில் பார்க்கிற அந்தச் சிவப்புக் காய் மட்டும் ஒன்றுகூட வந்ததில்லை.

"இந்த வருசமும் பூ எல்லாம் கொட்டிப்போமோ?" என்றார் மச்சாள். "வெருட்டினாத்தான் சரிவரும்."

ஊரில் காய்க்காத மாமரத்துக்குச் செய்கிற வேலை அது. ஒருவர் கத்தியோடு வெட்ட வருவார். இன்னொருவர் மரத்துக்காகப் பரிந்து பேசி மறிப்பார். மரம் பயந்து அடுத்த வருடம் காய்க்குமாம்.

"தம்பி, நீ கத்தியை எடு. சாருஜா, நீ மறி. 'வெட்டாதேங்கோ, வாற வருசம் கட்டாயம் காய்க்கும்' எண்டு சொல்லோணும்."

தனோஜன் சிரித்துக்கொண்டே மீன் வெட்டுகிற கத்தியோடு வந்தார். செவ்வாய்க்கிழமையைப் பற்றி மூச்சு விடாத மனிதருக்கு இதற்கு மட்டும் என்ன உற்சாகம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காய்க்காத செடி எனக்கு என்னத்துக்கு? வெட்டப்போறன்!" என்று கத்தியை ஓங்கினார்.

"வெட்டாதேங்கோ," என்றேன். விளையாட்டாகத்தான் தொடங்கினேன். பிறகு செடிக்கும் கத்திக்கும் நடுவில் போய் நின்றேன்.

"மிச்சத்தையும் சொல்லன்," என்றார் மச்சாள்.

"வாற வருசமும் காய்க்காது மச்சாள். இது பெண் செடி. கிட்டடியில ஒரு ஆண் செடி நிக்கவேணுமாம். இல்லாட்டி எத்தினை வருசம் பூத்தாலும் காய் பிடிக்காது. போன கிழமை மண் வாங்கின கடையில கேட்டனான். இதில ஒரு குறையும் இல்லை."

மச்சாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட பாவமே, இதைப் போய் வெருட்டினமே!"

தனோஜன் சிரிக்கவில்லை. கத்தி கீழே இறங்கியிருந்தது. நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது பேச்சை மாற்றினாரென்றால் இனி எந்தச் செவ்வாய்க்கிழமையும் வரமாட்டார் என்று பட்டது.

"அக்கா," என்றார். "சாருஜாவிலயும் ஒரு குறையும் இல்லை. டொக்டர் வரச்சொன்னது என்னை. நான்தான் பயத்தில போகாமல் திரியிறன். நாளையிண்டைக்கு, செவ்வாய்க்கிழமை, போறன்."

மச்சாள் அவரிடமிருந்து கத்தியை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு என் கையைப் பிடித்தார். பிடித்த இடம் வலித்தது.

"இவ்வளவு நாளும் எனக்கு ஏனடி சொல்லேல்லை?"

"அவர் சொல்லட்டும் எண்டுதான் மச்சாள்," என்றேன். அதற்கு மேல் அழாமல் இருக்க முடியவில்லை.